பேர் இருக்கட்டும், இனம் என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. "சார் மறுபடி கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டார்" என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், ஆப்சென்ட் போடமாட்டேன்.

என் தங்கை மகள் கல்மண்டபம் மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்திருக்கிறாள். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. அதற்குப் பேர் வைக்கக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாகச் சண்டை. புரூனோ, ராக்கி, சீசர் என்று சின்னப் பிள்ளைகள் ஒரு பக்கம். நல்ல தமிழ்ப் பேர்தான் வைக்க வேண்டும் என்று மதுரை சம்பந்தி ஒரு பக்கம். "மணி" என்று ஒருவர் சொன்னதும், "ஏற்கெனவே நம்ம வீட்ல ரெண்டு மணி இருக்காங்க, கூப்பிட்டா மூணு பேரும் வந்து நிப்பாங்க" என்று பதில். டாமியையும் யாரோ சொன்னார்கள். வெள்ளைக்காரச் சிப்பாயைச் செல்லமாகக் கூப்பிடும் பேர் அது. அவன் கப்பலேறிப் போன பிறகும் நம் தெருவில் அந்தப் பேருக்கு வாலாட்டிக்கொண்டு ஓடி வருகிறது நாய். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பேர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை. நாய்க்கு இங்கிலீஷ் பேர் வைத்தால் தமிழ் அழிந்துவிடாது. நம் ராயபுரமே பீட்டர் என்ற வெளியூர்ப் பேர் இராயப்பராகி வந்ததுதானே!

என் கோபம் வேறு. குட்டிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு அந்த அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். பேர் என்ற கட்டம் காலி. அதற்குக் கீழே இனம் என்ற கட்டத்தில், ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில், "பரையா". காலியாக இருந்த கட்டத்துக்கு நான்கு நாள் சண்டை போட்ட என் குடும்பத்தில், நிரப்பியிருந்த கட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கேட்டால், "மாமா, அது இங்கிலீஷ் வார்த்தை, ஒதுக்கப்பட்டவன்னு அர்த்தம், அதுல சாதி எங்க வந்தது?" என்கிறான் எம்.பி.ஏ. படித்த மருமகன். எந்த ஆங்கில அகராதியை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பறை என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து, பறையர் என்ற மக்களின் பேரிலிருந்து வந்தது என்று அதிலேயே போட்டிருக்கும். 1600களின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்ட சொல். "ஒதுக்கப்பட்டவன்" என்ற அர்த்தம் வானத்திலிருந்து விழவில்லை. இங்கே நாம் அந்த மக்களை எப்படி நடத்தினோம் என்று பார்த்துத்தான் அப்படி எழுதிக்கொண்டான். பிறகு தெருவில் திரிந்த நாயையும் அதே சொல்லால் அழைத்தான். அவன் பாராட்டி வைத்த பேரா அது?

நாயோடு நிற்கவில்லை. காசிமேட்டில் வலை உதறும்போது தலைக்கு மேலே வட்டமடிக்கிறதே பருந்து, அதற்கும் ஆங்கிலப் பறவைப் புத்தகங்களில் "பரையா கைட்" என்றுதான் பேர். சலீம் அலியின் புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும். இன்று அதை "பிளாக் கைட்" என்கிறார்கள். பருந்துக்குப் பேரை மாற்ற முடிந்திருக்கிறது. மீன் குடலுக்காக அதே பருந்தோடு போட்டி போடும் நாய்க்கு மட்டும் முடியாதா?

மனிதர்கள் விஷயத்தில் இந்தப் போராட்டம் நூறு வருடத்துக்கு முன்பே நம் சென்னையில் நடந்தது. 1922ல் சென்னை மாகாணச் சட்டசபையில் எம்.சி.ராஜா தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் அந்தச் சொல் போய் ஆதிதிராவிடர் என்று வந்தது. நான் வகுப்பில் சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கும் முன்னால், 1893ல், இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கே "பறையன்" என்று பேர் வைத்தார். ஒளிந்து வாழமாட்டேன், என் பேர் இதுதான் என்று நிமிர்ந்து சொன்னார். முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் இல்லை. ஒருவர் தன் பேரைத் தானே சொல்லிக்கொள்வார், வேண்டாம் என்றும் சொல்வார், இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு. அதை எடுத்து நாயின் கழுத்தில் கட்ட உனக்கும் எனக்கும் உரிமை இல்லை. 2025ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது இதே குடும்பக் குழுவில் எத்தனை கைதட்டல் போட்டீர்கள்!

இன்னொன்றும் கவனியுங்கள். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை எல்லாம் ஊர்ப் பேர்கள். ஜமீன் வாசலில் நின்ற நாய்க்கு ஊரின் பேர். ராஜபாளையத்துக்கு 2005ல் தபால்தலையே வெளியிட்டார்கள். எந்த வாசலும் இல்லாத தெரு நாய்க்கு மட்டும் ஒரு சாதியின் பேர். மனிதர்களை அடுக்கி வைத்த அதே கை, நாய்களையும் அடுக்கி வைத்திருக்கிறது.

"நாய்க்கு என்ன தெரியப்போகுது?" என்று தங்கை கேட்டாள். நாய்க்குத் தெரியாதும்மா. பிள்ளைகளுக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், விளையாட்டுச் சண்டையில் ஒரு பையன் இன்னொருவனை அந்தச் சாதிப் பேரையும் நாயையும் சேர்த்துத் திட்டினான். எட்டாம் வகுப்பு. திட்டு வாங்கியவன் அழவில்லை, திருப்பி அடிக்கவில்லை. நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். "எனக்கும் இதேதான் சார் சொன்னாங்க, நான் ஸ்கூலயே உட்டுட்டேன்" என்றார். பையனைத் திரும்ப அழைத்து வந்தோம். அப்பாவை யார் அழைத்து வருவது?

அதே இரண்டு சொல்லைத்தான் இன்று கால்நடை மருத்துவமனை அட்டையில், கௌரவமாக, இங்கிலீஷில் எழுதுகிறோம். பொது இடத்தில் ஒருவரைச் சாதிப் பேர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாய் அட்டையில் எழுதினால் அது "பிரீட்". நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர் யார், வரிசையில் அடுத்து நிற்பவர் வீட்டுப் பிள்ளை யார் என்று யாராவது யோசித்தோமா?

கிள்ளானில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "இன்டர்லோக்" என்ற மலாய் நாவல் 2011ல் ஐந்தாம் படிவப் பாடமாக வந்தபோது, இதே சொல்லுக்காக அங்கே தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த வருடக் கடைசியில் நாவலைப் பாடத்திலிருந்தே எடுத்தார்கள். கடல் தாண்டிப் போனவர்களுக்குச் சுட்டது, கல்மண்டபத்தில் இருக்கும் நமக்குச் சுடவில்லை. அங்கே அந்தச் சொல் தமிழர் எல்லோர் மேலும் விழுந்தது. இங்கே யார் மேல் விழுகிறது என்று நமக்குத் தெரியும், அதனால்தான் சுடவில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும்.

சென்னை மாநகராட்சியில் இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். அதனால் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்தக் கட்டத்தை நிரப்பப் போகிறோம். "நாட்டு நாய்" என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் "இந்தியன் டாக்". எழுதுபவர் அந்தப் பழைய சொல்லை எழுதினால், அங்கேயே நின்று, அடித்துவிட்டு மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், மாற்றும்வரை நகராமல் இருந்தால் போதும்.

கால்நடை மருத்துவம் படித்த என் மாணவர்கள் நான்கைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். மாநகராட்சியில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இனங்களின் பட்டியல் இருக்குமே, அதில் இந்தச் சொல் இருக்கிறதா, யார் கையெழுத்துப் போட்டால் அதை எடுக்க முடியும் என்று இந்த வாரத்துக்குள் எனக்குச் சொல்லுங்கள். மனு நான் எழுதித் தருகிறேன்.

தங்கை மகளுக்கு: அட்டையை எடுத்துக்கொண்டு நாளைக் காலை கிளம்பும்மா. பத்து மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது.