உள்துணியில் ஒளிந்த பெருமை

2020ஆம் ஆண்டு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கிமோனோவின் வரலாறு கண்காட்சியாக வைக்கப்பட்டிருந்தது. பட்டின் அழகைப் பார்க்கத்தான் குடும்பத்தோடு சென்றோம். திரும்பும்போது எங்கள் மனத்தில் நின்றது, அந்தப் பட்டைத் தடுக்க முயன்ற சட்டங்களின் கதை.

எடோ காலத்து ஜப்பானில் சாமுராய்களே மேல்நிலையினர். வணிகர்கள் அடுக்கில் கடைசி. ஆனால் பணம் அவர்களிடம் சேர்ந்தது. அவர்களுடைய மனைவியர் அரசகுலத்தாரை விஞ்சி உடுத்தியதை ஆட்சியாளர்கள் பொறுக்கவில்லை. 1683இல் பெண்களின் உடையில் பொன்னிழைப் பூவேலையும், துணி முழுவதும் முடிச்சிட்டுச் சாயமேற்றும் ‘கனோகோ’ வேலைப்பாடும் தடை செய்யப்பட்டன. ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகளை விரல்களால் ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டிய வேலை அது. ஒரே ஆடைக்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

மக்களில் பலர் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெளியே சாம்பலும் பழுப்பும் கருநீலமும். உள்ளே விலையுயர்ந்த பட்டு. ஆண்களின் மேலங்கியான ஹாவோரியின் உள்துணியில் ஓவியமே தீட்டப்பட்டது. நடக்கும்போது ஓரம் சற்றே விலகினால், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். நாளடைவில் இந்த அடக்கமான தோற்றமே நாகரிகத்தின் உச்சமாகி, ‘இகி’ என்ற பெயரையும் பெற்றது. எளிமையாகத் தெரிவதற்கு ஏராளமாகச் செலவிட்டார்கள்.

இதைப் படித்துச் சிரிக்க நமக்குத் தகுதி உண்டா என்பது ஐயமே. கறுப்பு அபாயாவின் கைவிளிம்பில் மின்னும் கற்களின் விலையைப் பெருநாள் கடைவீதியில் நாமும் விசாரித்திருக்கிறோம். அணிபவரின் நிய்யத்தை நாம் அறியோம். பேசுவது எங்கள் வீட்டு அலமாரியைப் பற்றி மட்டுமே.

இறுதி அறைகளில் திரைப்பட உடைகளும் இருந்தன. பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

இந்தக் கதையில் நம் கரைக்கும் ஓர் இழை உண்டு. டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கோடிட்ட பருத்தித் துணிகளை நாகசாகிக்குக் கொண்டு சென்றன. நகரத்தார் அந்தக் கோடுகளை மிகவும் விரும்பினர். பருத்தியே ஆயினும் கடல் கடந்து வந்த அதன் விலை உயர்ந்திருந்தது. ஜப்பானிய நெசவாளர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் நெய்தார்கள். அந்தத் துணிக்கு அவர்கள் வழங்கிய பெயர் ‘சாந்தோமே’. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமின் பெயர்தான் அது.