பள்ளிப் பருவக் காதலும் பிள்ளைகளின் குற்றச்செயலும்: எங்கள் நிலைப்பாடு

"பையன் கெட்டதே அந்தப் பெண்ணால்தான்." சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் தோட்டப் பகுதிகளில் இளையோரோடு பணியாற்றும் எங்களிடம் பெற்றோர் வைக்கும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பெண் வீட்டார் அதையே திருப்பிப் போட்டுச் சொல்வார்கள். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை; அதற்காகத் துணையின் தாக்கமே இல்லை என்றும் சொல்லவில்லை.

அமெரிக்கப் பதின்ம வயதினரைப் பற்றி டேனா ஹேனியும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், காதல் துணை தப்பான வழியில் போகிறவராக இருந்தால் அது மற்றவரையும் தொற்றுகிறது என்று தெரிந்தது. நண்பர்களின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான். ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது ஆள் யார், வயது என்ன என்பதை.

வீடுகளில் நடப்பதோ வேறு. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சிக்கினால் போதும். போன் பறிபோகும், டியூஷன் நிற்கும், தோழிகள் வாசல் மிதிக்கக் கூடாது. படிவம் மூன்றில் படிக்கும் பெண்ணுக்குப் பேச மிச்சமிருப்பவன் அந்தக் காதலன் ஒருவன்தான். மோட்டாரில் வந்து கூப்பிட்டால் ஏறிவிடுகிறாள். அவள் அண்ணன்மார் அவனை அடித்தால், அவன் தன் 'கேங்'கைக் கூட்டி வருகிறான். காதலாக இருந்தது அங்கேதான் போலீஸ் வழக்காகிறது. லயத்து வீடுகளில் இருந்தவரை ஒரு அத்தையோ பெரியவரோ நடுவில் புகுந்து பேசுவார் (எப்போதும் நியாயமாகப் பேசினார் என்று சொல்ல மாட்டோம்). தோட்டம் விட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களுக்கு அந்த ஆளும் இல்லை.

'கட்டுக்கு அடங்காத பிள்ளை' என்று பெற்றோரே சிறார் நீதிமன்றத்தை நாட மலேசியாவின் 2001 சிறார் சட்டத்தின் 46ஆம் பிரிவு வழிவிடுகிறது. காதலித்ததற்காக அந்தப் படி ஏறாதீர்கள். சம்மதத்துடன் உறவு கொண்ட வயது குறைந்த பெண்கள் மீதும் வழக்குத் தொடரலாம் என்று 2025இல் கிளந்தான் போலீஸ் தலைவர் முன்வைத்த யோசனையையும் எதிர்க்கிறோம். அடி விழும் என்று பயப்படுகிறவள் வாய் திறப்பதில்லை; சிறைக்குப் பயப்படுகிறவள் மட்டும் திறப்பாளா?

வேலைக்குப் போகும் வளர்ந்த ஆண், பதினான்கு வயதுப் பிள்ளையோடு பழகுவது இந்தக் கணக்கில் சேராது. 16 வயதுக்குட்பட்ட பெண் சம்மதித்தாலும் உறவு கொண்டவன் மேல் வன்புணர்வு வழக்கு உண்டு. சிறார் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் மறைப்பவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி 5,000 ரிங்கிட் வரை அபராதம். மானம் போகுமே என்று, 16 முடிந்ததும் மந்திரி புசாரின் அனுமதி வாங்கி அவனுக்கே கட்டிவைக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. அதற்கு மனு எழுதித் தரச் சொல்லி யாரும் எங்களிடம் வர வேண்டாம்.