தொப்பிக்குள் ஒரு துணை

2006-ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி சுப்ரதோ பார்க்கில் ஒரு சதுரங்கப் போட்டி நடந்தது. அதில் ஓர் ஆட்டக்காரர் காது மறையத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆடினார். தில்லிக் குளிரில் தொப்பி போடுவதை யார் தவறாக நினைப்பார்கள்? சோதித்துப் பார்த்தபோது தொப்பிக்குள் ப்ளூடூத் கருவி இருந்தது. கம்ப்யூட்டர் சொல்லும் நகர்த்தல்களை வெளியிலிருந்த கூட்டாளிகள் அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. அது மோசடி என்பதில் அன்று எவருக்கும் ஐயம் எழவில்லை.

இன்று தொப்பி தேவைப்படவில்லை. கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் இணையம் வழியாகப் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளுக்கென்று, விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத வெளியார் எழுதிய துணைக் கருவிகள் கிடைக்கின்றன. ஒன்று குறி தவறாமல் சுடவைக்கும். இன்னொன்று சுவருக்கு அப்பால் ஒளிந்திருப்பவனைக் காட்டும். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பி.ஜி.எம்.ஐ. ஆடும் பையனைக் கேட்டால், "இது ஏமாற்று இல்லை, சும்மா ஒரு ஹெல்ப்பர்" என்பான். எல்லோரும்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்வான். பிந்தைய வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. முந்தையதற்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கருவியின் துணை கொண்டு ஆடுவதே குற்றமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அதற்கு விசுவநாதன் ஆனந்தே சான்று. 1998-இல் ஸ்பெயின் நாட்டு லியோன் நகரில் காஸ்பரோவும் டோபலோவும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சதுரங்கம் ஆடினார்கள். மறு ஆண்டு அதே ஊரில், அதே முறையில், ஆனந்த் கார்ப்போவை வென்றார். அந்த வெற்றியை யாரும் குறை கூறவில்லை. இருவர் மேசையிலும் கம்ப்யூட்டர் இருந்தது, இருப்பது இருவருக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும்.

2021 ஜூன் மாதம் நடந்ததோ வேறு. கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்ட, ஆனந்த் பல பிரமுகர்களுடன் இணையத்தில் ஆடினார். நடிகர் ஆமிர் கான், கிரிக்கெட் வீரர் சஹல் ஆகியோரும் அதில் உண்டு. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவை நிறுவியவர்களில் ஒருவரான நிகில் காமத், ஐந்து முறை உலகச் சாம்பியனான ஆனந்தை வென்றுவிட்டார்! மறுநாளே உண்மை வெளிவந்தது. ஆட்டத்தை அலசிச் சொல்லும் ஆட்களின் உதவியும் கம்ப்யூட்டரின் உதவியும் பெற்றதை அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகச் செய்தது, நல்ல காரியத்துக்கு நடந்த போட்டி என்பது அவர் சமாதானம். ஆனந்த் அதைப் பெரிதுபடுத்தாமல், தாம் பலகையில் இருந்த ஆட்டத்தை ஆடியதாகவும் பிறரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் சொல்லி முடித்துக்கொண்டார். பெருந்தன்மைதான். ஆனால் பாதிக்கப்பட்டவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டதால் நடந்த காரியம் நேர்மையாகிவிடாது.

இரண்டு ஆட்டத்திலும் ஆனந்த் இருந்தார், இரண்டிலும் கம்ப்யூட்டரும் இருந்தது. லியோனில் எதிரிக்குத் தெரிந்திருந்தது, 2021-இல் தெரியாது. வேறுபாடு அவ்வளவே, அந்த ஒன்றை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பும் உண்டு. ஒருவன் கையில் லட்ச ரூபாய்க் கைப்பேசி, இன்னொருவன் கையில் கரோல்பாக்கில் வாங்கிய பழைய செட். வேகமான கைப்பேசியும் ஒரு துணைக் கருவிதானே என்று ஏழைப் பையன் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அது ஏற்றத்தாழ்வு, அதைப் பேச வேண்டும். ஆனால் விலை உயர்ந்த கைப்பேசி ஆட்டத்தின் விதியை மீறவில்லை. குறிபார்த்துச் சுடும் திறமையை அளக்கும் ஆட்டத்தில் குறிபார்க்கும் வேலையையே திருட்டுத்தனமாகக் கருவியிடம் ஒப்படைத்தவன், ஆடவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

விளைவு ஒருவனோடு நிற்பதும் இல்லை. 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் கவுண்டர் ஸ்டிரைக் போட்டிக்குப் போன இந்திய அணியில் ஒரு வீரர் குறிபார்க்கும் கருவியை ஒளித்து வைத்திருந்தார். அந்தக் கோப்புக்கு அவர் இட்ட பெயர் "வேர்ட்"! குமாஸ்தாக்கள் நாள்தோறும் கடிதம் அடிக்கும் மென்பொருளின் பெயர். வெறும் உதவி என்றால் பெயரை மாற்றி ஒளிப்பானேன்? அணி போட்டியிலிருந்து விலக்கப்பட்டது, பின்னர் கலைக்கப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை. ஒரு தவறும் செய்யாத மற்ற நால்வருக்கும் பிழைப்புப் போயிற்று.

பிள்ளைகள் விளையாட்டுக்கு இத்தனை பேச்சா என்று நினைக்கும் பெரியவர்கள், தட்கல் டிக்கெட்டை நினைத்துப் பார்க்கட்டும். ஊரில் ஒரு சாவு என்று தகவல் வந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் பிடிக்கக் காலை பதினொரு மணிக்கு விரலைத் தயாராக வைத்திருந்து, பெயரை அடித்து முடிப்பதற்குள் எல்லாம் தீர்ந்துபோன அனுபவம் இல்லாத தில்லித் தமிழர் குறைவு. அந்த இடங்களில் பலவற்றை எடுத்ததும் "துணைக் கருவி"தான். 2017 டிசம்பரில் சி.பி.ஐ. தன்னிடமே பணிபுரிந்த உதவி புரோகிராமர் ஒருவரைக் கைது செய்தது. தட்கல் டிக்கெட்டுகளை நொடியில் பதிவு செய்யும் மென்பொருளை எழுதி ஏஜெண்டுகளுக்குக் கொடுத்தார் என்பது வழக்கு. அந்த மென்பொருளும் படிவத்தை வேகமாக நிரப்ப 'உதவி'தான் செய்தது. பயணிகளின் பெயர்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் வசதியை ரயில்வேயின் இணையதளமே தருகிறது. அது எல்லோருக்கும் பொது, எனவே குறை சொல்ல ஏதுமில்லை. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்தவர்களே இணையத்தில் தட்கல் எடுக்கலாம், முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகள் எடுக்கக்கூடாது என்று ரயில்வே கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

விளையாட்டு நிறுவனங்களும் இதுபோல் வெளிப்படையாக நடந்துகொள்ளலாம். எந்தக் கருவிக்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை எவரும் படிக்காத நீண்ட ஆங்கில ஒப்பந்தத்தில் புதைத்து வைக்காமல், ஆட்டம் தொடங்கும் திரையிலேயே தமிழிலும் இந்தியிலும் நாலு வரியில் எழுதட்டும். அதற்குப் பிறகும் ஹெல்ப்பர் வைத்துக்கொள்ளும் பையன், தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.