கதைக்கு எத்தனை பேர் வேண்டும்?

பாட்டி போய்ப் பதினாறாம் நாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது, பாட்டியின் இரட்டை வடச் சங்கிலி யாருக்கு என்ற பேச்சு எழுகிறது. மூத்த மகள், இளைய மகள், மூன்று வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மருமகள், இரண்டு மகன்கள், மாப்பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், எதிர்வீட்டு அம்மாள்...

இதை ஒருவர் சிறுகதையாக எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தியிலேயே பதினோரு பேர் வந்துவிடுவார்கள். யாரை விடுவது? எல்லோரும் அன்று அங்கே இருந்தார்களே!

புதிதாகக் கதை எழுதுகிற பலரும் தடுமாறும் இடம் இது. ஒருவரை விட்டால்கூடப் பொய் சொன்னதுபோல் மனசு உறுத்தும். சின்ன அத்தை படித்தால் 'என்னை மட்டும் ஏன் விட்டே?' என்று கேட்பாளோ என்ற பயம் வேறு.

ஆனால், படிப்பவருக்கு அந்த வீட்டில் யாரையும் தெரியாது. அவர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துப் படிக்கிறார். ரமேஷ், ராஜேஷ், ரவி என்று மூன்று பேர் அடுத்தடுத்து வந்தால், யார் எந்த மருமகன் என்று குழம்புவார். 'மாமா' என்று எழுதினால், எந்த மாமா? மேலே தள்ளித் தேடிப் பார்க்க அவருக்குப் பொறுமை இருக்காது.

அப்படியானால் எத்தனை பேர் இருக்கலாம்? இதற்கு ஜெயகாந்தனின் எழுத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

மூன்று பேர் போதுமான கதை

1966-ல் ஆனந்த விகடனில் வந்தது 'அக்னிப் பிரவேசம்'. மழை பெய்யும் ஒரு மாலை. பஸ்ஸுக்காக நிற்கிற கல்லூரி மாணவி. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிற இளைஞன். வீட்டில் காத்திருக்கும் அம்மா. கதையைத் தாங்குவது இந்த மூன்று பேர்தான். நடந்ததைக் கேட்டுக் கொதிக்கிற அம்மா, பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவள் சுத்தமாகிவிட்டாள் என்று சொல்கிறாள்.

இப்படியொரு நேரத்தில் ஒரு தாய் என்ன செய்ய வேண்டும்? அந்தக் கதை கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். அதற்கு மூன்று பேர் போதும்.

அந்த முடிவு அன்று பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பிறகு ஜெயகாந்தன் அதே சம்பவத்தை எடுத்து, அம்மாவை மட்டும் மாற்றினார். இந்த அம்மா தண்ணீர் ஊற்றவில்லை. ஊருக்குக் கேட்கும்படி கத்திவிட்டாள். அதிலிருந்து பிறந்தது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். 1972-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்றது.

இப்போது கேள்வியே வேறு. அந்தப் பெண்ணை உலகம் ஆயுசுக்கும் எப்படி நடத்தும்? உலகம் என்றால் ஆட்கள் வந்துதானே ஆகவேண்டும்? அவளுக்கு கங்கா என்று பெயர் வந்தது. வீட்டை விட்டுத் துரத்துகிற அண்ணன் வந்தான். படிக்க வைத்து ஆளாக்கிய பிறகு, அதையே சாக்காக வைத்து அவளை நெருங்கப் பார்க்கிற வெங்கு மாமா வந்தார். காரில் வந்தவனுக்கு பிரபு என்ற பெயரும், மனைவியும், மஞ்சு என்ற மகளும் வந்தார்கள். மஞ்சு இருப்பதால்தான் அவன் ஒரு பெண்ணுக்குத் தகப்பனும்தான் என்பது நமக்கு உறைக்கிறது. அன்று நடந்ததைக் கதையாக எழுதிய ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரும் நாவலுக்குள் வந்து உட்கார்ந்தார்.

சம்பவம் ஒன்றுதான். கேள்வி பெரிதானதும் கூட்டமும் பெரிதாகிவிட்டது. யாருமே சும்மா வரவில்லை.

கூட்டத்தைச் சமாளித்த கல்கி

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. பெரிய கூட்டம். ஒரு வார இடைவெளியில் வாசகர் மறந்துவிடாமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் இருந்தது. ஆழ்வார்க்கடியானுக்குக் கைத்தடியும் வைஷ்ணவச் சண்டையும். பூங்குழலிக்குப் படகும் கடலும். அதோடு, பெரும்பாலானவர்களை வந்தியத்தேவனின் பயணத்தில் ஒவ்வொருவராகத்தான் நாம் சந்திக்கிறோம். ஐந்து பாகத்தில் இடமிருந்த கடம்பூர் மணிமேகலைக்கு, 2022, 2023-ல் வந்த இரண்டு படங்களில் இடம் கிடைக்கவில்லை. அளவு குறைந்தால் ஆளும் குறைந்தாக வேண்டும்.

செய்து பார்க்க

கதையில் வருகிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வேறு யாராலும் செய்ய முடியாத எந்த வேலையை அவர் இந்தக் கதையில் செய்கிறார் என்று எழுதுங்கள். எதிரே ஒன்றும் எழுத முடியாதவரை எடுத்துவிடலாம். இரண்டு பேருக்கு ஒரே வேலை என்றால், இருவரையும் ஒருவராக்கிவிடலாம். ஒருமுறை வந்து போகிற ஆட்டோக்காரருக்குப் பெயர் வேண்டாம். பெயர் வைத்தால், அவர் மறுபடி வருவார் என்று வாசகர் காத்திருப்பார்.

ரொம்பக் குறைத்துவிடுவதும் தப்பு. ஒரே ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தால் கதை நகராது. மறுத்துப் பேச, வழியை மறிக்க ஒருவராவது வேண்டும்.

இப்போது பாட்டி வீட்டுக்குத் திரும்பலாம். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவளுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி என்றால், மருமகளும் மூத்த மகளும் போதும். இறந்துபோன பாட்டி மூன்றாவது ஆள். மற்றவர்கள் கூடத்தில் கேட்கும் பேச்சுக்குரலாக இருக்கட்டும். அந்தச் சங்கிலியால் அந்தக் குடும்பம் பத்து வருடம் எப்படிப் பிரிந்து கிடந்தது என்பது கேள்வி என்றால், பதினோரு பேரும் வரலாம். ஆனால், அதற்குச் சிறுகதை போதாது.

இளைய மகளின் பெயருக்கு எதிரே இப்போதைக்கு ஒன்றும் இல்லை. தங்கள் வீட்டுக் கஷ்ட காலத்தில் அந்தச் சங்கிலியை வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்து, யாருக்கும் தெரியாமல் மீட்டுக் கொடுத்தவள் அவள்தான் என்பது எழுதுகிறவருக்கு நினைவுக்கு வரலாம். அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அது அடுத்த கதை.