வேக வாசிப்பு நமக்குத் தேவைதானா?

காலம் பொன் போன்றது என்பர் பெரியோர். அப்பொன்னைச் சேமித்துத் தருவதாகக் கூறும் பயிற்சிகள் இன்று பல உள்ளன. அவற்றுள் ஒன்று வேக வாசிப்பு. நிமிடத்திற்கு 1000 சொற்கள் படிக்கலாம், ஒரே மாலையில் தடித்த நூலொன்றை முடிக்கலாம், தேர்வுக்கு முந்தைய இரவிலேயே பாடநூல் முழுவதையும் திருப்பிவிடலாம் என்றெல்லாம் ஆசை காட்டப்படுகிறது. பொதுத்தேர்வை எதிர்நோக்கும் மாணவியர்க்கு இது இனிக்கும் செய்தி. மகள் பின்தங்கிவிடுவாளோ என்று கவலைப்படும் பெற்றோர்க்கும் அப்படியே. ஆகவே, இதனைக் கற்பதால் பயன் உண்டா என்பதை நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்ப்பது நல்லது.

இக்கலையைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆசிரியை ஈவ்லின் வுட். அவர் 1959ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். கையை ஏட்டின்மீது மேலிருந்து கீழாக ஓட்டி, அதன் பின்னே கண்ணை ஓடவிடுவது அவரது முறை. 1977இல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரே வெள்ளை மாளிகையில் இப்பயிற்சியைப் பெற்றார் என்றால் அதன் செல்வாக்கை நாம் உணரலாம். அதிபரே கற்ற கலையை நாம் ஐயுறலாமா? தாராளமாக ஐயுறலாம். கண்ணின் இயல்பு அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒன்றுதானே!

படிக்கும்போது நம் கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது தவளையைப்போலத் தாவித் தாவிச் செல்கிறது. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடி நிற்கிறது. பின்னர் அடுத்த இடத்திற்குத் தாவுகிறது. நிற்கும் நேரத்தில்தான் எழுத்துகளைக் காண்கிறோம். அப்போதும் பார்வையின் நடுவிலுள்ள சில எழுத்துகளே தெளிவாகத் தெரியும், மற்றவை மங்கலே. நொடிக்கு நான்கு நிறுத்தம் என்றால் நிமிடத்திற்கு 240. ஆங்கிலக் கட்டுரைகளை மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்திற்கு 238 சொற்கள் என்று, 190 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளிவந்த கட்டுரை கூறுகிறது. கணக்கு ஏறத்தாழ ஒத்துவருகிறது அல்லவா? 1000 சொற்கள் படிக்க வேண்டுமாயின், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு சொற்களை விழுங்கியாக வேண்டும். நம் கண் அதற்கென அமைந்ததன்று.

அப்படியானால் பயிற்சி பெற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள்? அமெரிக்க உளவியல் அறிஞர்கள் மார்செல் ஜஸ்ட், பட்ரீசியா கார்ப்பென்டர் ஆகியோர் 1980களில் இதைச் சோதித்து எழுதியுள்ளனர். வேக வாசிப்பில் பயின்றவர், பயிற்சியின்றி மேலோட்டமாகப் புரட்டியவர், இயல்பாகப் படித்தவர் என மூவகையினரை ஒப்பிட்டனர். எளிய பகுதிகளின் சாரத்தைக் கூறுவதில் பயின்றவர்கள் புரட்டியவர்களைவிடச் சற்று மேம்பட்டனர். கடினமான பகுதிகளிலும் நுணுக்கமான செய்திகளிலும் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. இயல்பாகப் படித்தவர்களே இருவரையும் விஞ்சி நின்றனர். 2016இல் கீத் ரெய்னரும் அவருடன் நால்வரும் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து எழுதியபோதும் முடிவு இதுவே: வேகத்தை மிகக் கூட்டினால் புரிதல் குறையும்.

நம் வீட்டுச் செல்வத்தையே எடுத்துக்கொள்வோம். திருக்குறளில் 1330 குறட்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஏழு சீர்கள். சீரைச் சொல்லாகக் கொண்டால் மொத்தம் 9310. நிமிடத்திற்கு 1000 என்ற வேகத்தில் திருக்குறள் முழுவதும் பத்து நிமிடத்திற்குள் முடிந்துவிடும்! பரிமேலழகர் முதலியோர் விரிவாக உரை எழுதிய நூலைப் பத்து நிமிடத்தில் முடித்தவளிடம், என்ன கண்டாய் என்று கேட்டால் என்ன சொல்வாள்?

தேர்வறையையும் எண்ணிப் பாருங்கள். தமிழில் 'படித்தவர்', 'படியாதவர்' என்ற இரு சொற்களும் பார்வைக்கு எவ்வளவு நெருக்கமானவை! பொருளோ நேர் எதிர். 'பொருந்துவதை' என்பதற்கும் 'பொருந்தாததை' என்பதற்கும் இடையே மதிப்பெண் போய்விடும். 'எவையேனும் ஐந்து' என்பதைக் காணாமல் எட்டு வினாக்களுக்கும் விடையெழுதிக் களைப்பவளுக்கு வேகத்தால் என்ன பயன்?

படிக்கையில் மனத்துள் ஒலிக்கும் குரலை அடக்கு, முன்வரிக்குத் திரும்பாதே என்றும் இப்பயிற்சிகள் போதிக்கின்றன. மிலான் நகர ஆயர் புனித அம்புரோஸ் வாய் திறவாமல் படித்ததைப் புனித அகுஸ்தீனார் வியந்து எழுதியிருக்கிறார். ஆயரின் நாவும் குரலும் ஓய்ந்திருந்தன. கண்கள் ஏட்டின்மீது செல்ல, உள்ளமோ பொருளைத் தேடிக்கொண்டிருந்ததாம். உதடு அசையாமல் படிக்க நாமும் பழகலாம். ஆனால் உள்ளத்தின் குரல் பொருளை உணரத் துணை செய்கிறது. அதை அடக்க வேண்டியதில்லை. புரியாத வரிக்குத் திரும்புவதும் குற்றமன்று. திரும்ப இயலாதபடி தடுத்துப் படிக்கச் செய்தபோது புரிதல் குறைந்ததை 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

அப்படியானால் விரைந்து பார்ப்பதே தவறா? இல்லை. அகராதியில் சொல் தேடும்போதும், செய்தித்தாளில் தலைப்புகளைப் பார்க்கும்போதும், நூலகத்தில் ஒரு நூல் நமக்குப் பயன்படுமா என்று அறியும்போதும், முன்பே நன்கு படித்த பாடத்தைத் திருப்பும்போதும் மேலோட்டமான பார்வையே போதும். ஆனால் அதற்கெனப் பெருந்தொகை கட்ட வேண்டுமா? பொருளடக்கத்தையும், தலைப்புகளையும், பத்திகளின் முதல் வரிகளையும் பார்க்கப் பழகினால் போதுமே! எங்கே விரைவது, எங்கே நிற்பது என அறிவதே உண்மையான திறமை என்பது எங்கள் கருத்து.

வேகம் தானாக வரும் வழியும் ஒன்று உண்டு. தெரிந்த சொல்லைக் கண் விரைவில் கடக்கிறது; தெரியாத சொல்லில் தயங்கி நிற்கிறது. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த நாம் இன்று எளிதாகப் படிப்பது எதனால்? படித்துப் படித்துத்தான். கதை, வரலாறு, அறிவியல், கவிதை எனப் பல துறை நூல்களைப் படிப்பவளுக்குச் சொல்வளம் பெருகும். சொல்வளம் பெருகப் பெருக வேகமும் கூடும். அந்த வேகத்தில் புரிதல் குறைவதில்லை.

நம் வகுப்புகளில் மெல்லப் படிக்கும் தோழியர் உண்டு. பக்கத்தை முதலில் முடிப்பவள் அறிவாளி, கடைசியில் முடிப்பவள் மந்தம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணப்பட்ட ஒருத்தி மெல்ல மெல்லப் புத்தகத்தையே வெறுத்துவிட்டால், அந்த இழப்பை எந்தப் பயிற்சியால் ஈடுசெய்ய முடியும்? ஆதலால் தோழியரே, அவளைக் கேலி செய்யாதீர்கள். அன்பான பெற்றோரே, விடுமுறையில் உங்கள் மகளை வேக வாசிப்பு வகுப்பிற்கு அனுப்ப எண்ணினால், அக்கட்டணத்தில் அவள் விரும்பும் சில நூல்களை வாங்கித் தாருங்கள். முடித்ததும், எத்தனை பக்கம் என்று கேட்காமல், மனத்தில் நின்றது எது என்று கேளுங்கள். அவள் சொல்வதைக் கேட்க உங்களுக்குச் சற்று நேரம் ஆகும். அந்த நேரம் வீண்போகாது.