ஓட்டத்திற்கும் வருணாசிரமமா?

திருத்தணிக்கு அடுத்து, ஆந்திர எல்லையோரத்தில் உள்ள அம்மையார்குப்பத்தில், தறி வேலை செய்யும் தோழர்கள் மாலை வேளையில் டீக்கடையில் கூடி, அரசியலும் சினிமாவும் பேசித் தீர்ந்த பிறகு ஓட்டப் பந்தயத்தைப் பற்றியும் வாதாடுகின்றார்கள் என்று அறிந்து மிகவும் சந்தோஷப்படுகின்றோம். கிரிக்கெட் ஒன்றே விளையாட்டு என்றிருக்கும் நாட்டில், தன் காலையே மூலதனமாகக் கொண்டு ஓடுகின்ற ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவது நல்ல காரியமேயாகும். ஆனால் அப்பேச்சில் அடிபடும் வாதங்களைப் பார்த்தால், நாம் ஒரு நூற்றாண்டாக விரட்டி வரும் பழைய பேய் ஒன்று அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்திற்குள் நுழைந்திருப்பதாகத் தெரிகின்றது. ஆகவே இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தை எழுத வேண்டியவர்களாகின்றோம்.

வாதத்திற்கு உரியவர் அனிமேஷ் குஜூர் என்னும் இளைஞர். சட்டீஸ்கரில் ஜஷ்பூர் ஜில்லாவைச் சேர்ந்த பழங்குடி வகுப்பார். 2025-ஆம் வருஷம் மே மாதம் தென் கொரியாவில் குமி என்னுமிடத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 200 மீட்டரை 20.32 விநாடியில் ஓடி மூன்றாவதாக வந்தார். அதே வருஷம் ஜூலையில் கிரீஸ் தேசத்தில் 100 மீட்டரை 10.18 விநாடியில் ஓடி, குரிந்தர்வீர் சிங் என்பவர் அவ்வருஷம் மார்ச்சில்தான் செய்திருந்த 10.20 என்ற இந்திய ரிக்கார்டைத் தாண்டினார். செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டிக்குப் போய், 200 மீட்டரில் முதல் சுற்றோடு திரும்பினார். இவர் உலகத்தின் முன்வரிசைக்கு வருவாரா, மாட்டாரா என்பதுதான் கேள்வி.

இதில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. ஒன்று ஆகும் கட்சி, "காட்டு ஜாதி அண்ணே, மானைத் துரத்தின ரத்தம், ஓடாமல் எங்கே போகும்?" என்பது அவர்கள் வாதம். இரண்டாவது ஆகாது கட்சி, "நம்ம ஆளுகளுக்கு அது ரத்தத்திலேயே இல்லை மாமா, நீக்ரோக்களோடு நாம் ஓட முடியுமா?" என்பது அவர்கள் வாதம். மூன்றாவது ஆண்டவன் கட்சி. தலையில் எழுதியிருந்தால் வருவான், இல்லாவிட்டால் இல்லை என்பது.

ஆண்டவன் கட்சிக்கு நாம் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓட்டத்தில் துப்பாக்கி வெடித்து பத்தில் ஒரு விநாடிக்குள் ஒருவன் காலை எடுத்தால், வெடிக்கும் முன்பே கிளம்பினவன் என்று யந்திரம் காட்டிக் கொடுத்து அவனை வெளியேற்றி விடுகின்றது. பின்னாலிருந்து அடிக்கும் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் அந்த நேரத்தை ரிக்கார்டில் சேர்ப்பதில்லை. காற்று செய்த உதவியைக்கூட அளந்து கழிக்கின்ற இடத்தில் கடவுள் செய்த உதவியை மட்டும் அளக்காமலா விட்டிருப்பார்கள்? திருத்தணி மலைக்கு 365 படி இருக்கின்றது. அதில் தினம் காலையில் ஏறி இறங்கினால் தொடைக்கு நல்ல பயிற்சி என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. பலன் படியினால் வந்ததா, படிக்கு மேலே உள்ளதினால் வந்ததா என்பதை மட்டும் ஏறுகின்றவர்கள் யோசித்துக் கொள்ளட்டும்.

நிற்க, மற்ற இரண்டு கட்சிகளும் ஒன்றுக்கொன்று விரோதமானவை போல் தோன்றினாலும், உள்ளே புகுந்து பார்த்தால் இரண்டும் ஒரே கட்சியேயாகும். ஒருவனுடைய சக்தி அவன் பிறந்த கூட்டத்திலேயே தீர்மானமாகி விட்டது என்று இரண்டும் சொல்லுகின்றன. காட்டில் பிறந்தவனுக்கு ஓட்டம், குடியானவனுக்கு ஏர், நெய்கின்றவனுக்குத் தறி, இன்னாருக்குப் படிப்பு என்பதுதானே வருணாசிரமம்? அதை மனுவின் பெயரால் சொன்னால் கோபித்துக் கொள்ளுகின்ற நமது தோழர்கள், ஜீன் என்றும் ரத்தம் என்றும் புதுப்பெயர் வைத்துச் சொன்னால் தலையாட்டலாமா என்று கேட்கின்றோம்.

முதலாவது, அந்த மான் கதையைப் பார்ப்போம். குஜூரின் தாயும் தகப்பனும் போலீஸ் இலாகா உத்தியோகஸ்தர்கள். அவர் படித்தது அம்பிகாபூர் சைனிக் பள்ளிக்கூடம். அங்கே அவர் ஆடியது கால்பந்து. முறையான ஓட்டப் பயிற்சிக்கு வந்ததே ஏறக்குறைய 18 வயதில்தான். பிறகு ஒடிஷாவில் புவனேஸ்வரத்தில் மார்ட்டின் ஓவன்ஸ் என்ற பிரிட்டிஷ் பயிற்சியாளரிடம், தக்க தளமும், மருத்துவரும், அளந்து போட்ட ஆகாரமும் உள்ள இடத்தில் பழகினார். இதில் மான் எங்கே வந்தது? ஒருவன் பாடுபட்டுப் பழகி அடைந்ததை அவன் ஜாதியின் கணக்கில் எழுதுவது அவனைப் புகழ்வதல்ல. அவன் கூலியைத் திருடுவதேயாகும்.

இரண்டாவது, நீக்ரோக்களுக்குப் பிறவியிலேயே ஓட்டம் என்ற கதை. 1936-இல் பெர்லினில், ஹிட்லர் பார்த்துக் கொண்டிருக்க, ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற கறுப்பு இளைஞர் நான்கு தங்கம் வென்றார். கறுப்பர் தாழ்ந்த ஜாதி என்று சொல்லி வந்தவர்கள், "அவர்களுக்குக் குதிகாலும் கெண்டைக்காலும் வேறு மாதிரி" என்று சொல்லத் தலைப்பட்டார்கள். அமெரிக்காவில் ஹோவர்ட் சர்வகலாசாலையில் உடற்கூறு ஆசிரியராயிருந்த மாண்டேகு காப் என்னும் கறுப்பர் ஓவன்ஸின் காலை அளந்து பார்த்தார். நீக்ரோவின் லட்சணம் என்று எதைச் சொன்னார்களோ அது ஓவன்ஸ் காலில் இல்லை. வெள்ளைக்காரனுடையது என்று சொல்லப்பட்ட லட்சணமே இருந்தது. வாதம் அன்றே செத்துவிட்டது. டீக்கடையில் மட்டும் இன்னும் பிணத்தை எடுக்கவில்லை.

மூன்றாவது, ஆசியாக்காரனால் ஆகாது என்ற கதை. ஜப்பானில் கிர்யூ யோஷிஹிதே என்ற பள்ளிக்கூடப் பையன் 17-ஆவது வயதில், 2013-இல், 100 மீட்டரை 10.01 விநாடியில் ஓடினான். நாடு முழுவதும், பத்து விநாடிக்குக் கீழே இன்று போவான், நாளை போவான் என்று பேசியது. வருஷங்கள் போயின, நேரம் இறங்கவில்லை. நம் ஊராயிருந்தால் ஜாதகம் பார்த்திருப்பார்கள். அவர்களோ பழகினார்கள். நான்கு வருஷம் கழித்து, 2017-இல், 9.98 வந்தது. இதற்கிடையில் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில், அதுவரை பத்து விநாடிக்குள் ஓடியறியாத நான்கு ஜப்பானியர்கள், கோல் மாற்றிக் கொடுப்பதை மாதக்கணக்கில் பழகினதனால் 4x100 தொடரோட்டத்தில் வெள்ளி வாங்கினார்கள். சீனாவின் சூ பிங்டியன், 31-ஆவது வயதில், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் 9.83 ஓடினார். ரத்தம் அந்த வயதிலா மாறியது? அவர் மாற்றியது பயிற்சியையும் கிளம்பும் முறையையுமே.

உடம்புக்கு உடம்பு வித்தியாசமே இல்லை என்று நாம் சொல்ல வருவதாக யாரும் நினைக்க வேண்டாம். வித்தியாசம் உண்டு. வேகமாகச் சுருங்கும் தசைநார் ஒருவனுக்கு அதிகமாகவும் மற்றொருவனுக்குக் குறைவாகவும் இருப்பது வாஸ்தவமே. அதில் ஒரு பகுதி பெற்றோர் வழியில் வருவதும் வாஸ்தவமே. எவ்வளவு பழகினாலும் எல்லோரும் பத்து விநாடியில் ஓடிவிட முடியாது. ஆனால் அந்த வித்தியாசம் ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளதே ஒழிய, தெருத்தெருவாகவும் ஜாதி ஜாதியாகவும் பங்கு போட்டு வைக்கப்பட்டதல்ல. எந்த வீட்டுப் பிள்ளையின் காலில் அது இருக்கின்றது என்பது எல்லாப் பிள்ளைகளையும் ஓடவிட்டுப் பார்த்தாலொழிய யாருக்கும் தெரியாது.

ஜமைக்காவின் ரகசியம் இதுதான். அந்தத் தீவின் ஜனத்தொகை சுமார் 28 லட்சம். 2011 ஜனக்கணக்குப்படி நமது திருவள்ளூர் ஜில்லா ஒன்றிலேயே 37 லட்சத்திற்கு மேல் இருந்தார்கள். அங்கே 1910 முதல் பள்ளிக்கூடங்களுக்கிடையே ஓட்டப் பந்தயம் நடந்து வருகின்றது. அதைப் பார்க்க நமது ஆடிக்கிருத்திகைக்குக் கூடுவது போல் ஜனங்கள் கூடுகின்றார்கள். ஓடத்தெரிந்த பிள்ளை எந்த மூலையில் இருந்தாலும் அகப்பட்டு விடும். 2009-இல் பெர்லினில் 9.58 ஓடிய உசேன் போல்ட் அப்படி அகப்பட்டவரே. செயின்ட் லூசியா என்ற இன்னொரு தீவில் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. அங்கே பிறந்த ஜூலியன் ஆல்ஃபிரட் என்ற பெண் 2024-இல் பாரிஸில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். நமது ஜில்லாவில் அப்படிப்பட்ட கால்கள் பிறக்கவில்லையா, அல்லது பிறந்து தறிக்குழிக்குள் போய்விட்டனவா என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

இனி குஜூருடைய விஷயத்திற்கு வருவோம். நாம் ஜோசியம் சொல்ல வரவில்லை; கணக்கு மட்டும் சொல்லுகின்றோம். 2025 உலகப் போட்டிக்கு 100 மீட்டரில் நேரே நுழைய வைத்த அளவு 10.00. 10.18 ஓடுகின்றவன் அங்கே சுமார் இரண்டு மீட்டர் பின்னால் இருப்பான். போல்டின் ரிக்கார்டுக்கு ஆறு மீட்டருக்கும் மேல் பின்னால் இருப்பான். 200 மீட்டரில் வைத்த அளவு 20.16, அவருடைய 20.32-க்கும் அதற்கும் உள்ள தூரம் குறைவு. ஆகவே 200 மீட்டரே அவருக்குக் கிட்டத்தில் உள்ள வாசல் என்பது நமது அபிப்பிராயம். மெடல் நாளைக்கே வரும் என்பவன் அவரை ஏமாற்றுகின்றான். வரவே வராது என்பவன் தன்னையே ஏமாற்றிக் கொள்ளுகின்றான். 2016-இல் 10.26, 2023-இல் 10.23, 2025-இல் முதலில் 10.20, பிறகு 10.18 என்று இந்திய ரிக்கார்டு இறங்கியது. கடைசி இரண்டும் ஒரே வருஷத்தில் வந்ததற்குக் காரணம் ஒருவனுக்கு ஒருவன் போட்டியாக இருந்ததே.

குறுக்கு வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது திருச்சி ஜில்லாவின் தனலட்சுமி சேகர் 2021-இல் பட்டியாலாவில் தூதி சந்தை முந்தி 100 மீட்டரில் முதலாவதாக வந்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. மறு வருஷம் மருந்துச் சோதனையில் அகப்பட்டு மூன்று வருஷத் தடை பெற்றார். கொண்டாடினவர்களே கல்லெறிந்தார்கள். செய்தது தவறு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாடுபடாமல் பலன் வேண்டுமென்று மந்திரத் தகடு கட்டிக் கொள்ளுகின்ற சமூகத்தில், ஊசியில் பலன் இருக்கின்றது என்று ஒரு ஏழைப் பிள்ளை நம்புவது ஆச்சரியமா? வயதைக் குறைத்து எழுதிய சர்டிபிகேட்டோடு சின்னப் பிள்ளைகள் பந்தயத்தில் பெரிய பிள்ளையை ஓடவிடுவதும் இதே குறுக்கு வழியேயாகும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவ்வியாசம் பாதியே ஆகும். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபோது, பெண் உடம்புக்கு அது ஆகாது என்று சொல்லி, 1960 வரையில் அப்பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவிலேயே அந்த யோக்கியதை! ஆனால் 1948-இல் லண்டனில் இரண்டு பிள்ளை பெற்ற பேனி பிளாங்கர்ஸ்-கோயென் என்ற டச்சு மாது, 30-ஆவது வயதில் நான்கு தங்கம் வாங்கினார். நமது மதுரை ரேவதி வீரமணி, தாய் தகப்பனை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண் பெண் கலந்த 4x400 தொடரோட்டத்தில் ஓடினார். அந்தப் பாட்டி, ஊர் பேச்சைக் கேட்டு, "பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு?" என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வயதுக்கு வந்தவுடன் பெண்ணை மைதானத்திலிருந்து நிறுத்துகின்ற ஒவ்வொரு வீடும் ஊரின் கால்களில் சரிபாதியைக் கட்டிப் போடுகின்றது.

ஆகவே அம்மையார்குப்பம் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். சட்டீஸ்கர் பிள்ளையைப் பற்றி வாதாடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வாதம் முடிந்து எழுந்திருக்கும்போது, நமது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கென்று ஒதுக்கின நேரத்தில் பிள்ளைகள் விளையாடுகின்றார்களா, அல்லது கணக்கு வாத்தியார் அதையும் எடுத்துக் கொண்டாரா என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். புறம்போக்கில் கல்லும் முள்ளும் பொறுக்கி அறுபது மீட்டர் நேர்வழி ஒன்று செய்யுங்கள். நேரம் பார்க்கக் கைப்பேசியே போதும். ஆண், பெண், சேரி, ஊர் என்ற பேதமில்லாமல் எல்லாப் பிள்ளைகளையும் வருஷத்திற்கு இரண்டு தடவை ஓடவிட்டு, நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பதின்மூன்று வயதில் முதலில் வருகின்றவன் பெரும்பாலும் முன்னதாக வளர்ந்தவனே. ஆதலால் பின்தங்கினவனை விரட்டிவிடாமல் பதினெட்டு வரை எழுதி வாருங்கள். திருவிழாச் செலவில் ஒரு பங்கை வேர்க்கடலைக்கும் முட்டைக்கும் திருப்புங்கள். சர்க்கார் தளம் வேண்டுமென்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு அனுப்பி, பதில் வரும் வரையில் கேளுங்கள்.

பத்து வருஷத்தில் அந்த நோட்டிலிருந்து ஒலிம்பிக் வீரன் வருவானா என்று கேட்டால், வராமலும் போகலாம். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது முடியும் என்பதை அவன் பிறந்த தெருவைக் கேட்டுச் சொல்லாமல், அவனையே ஓடவிட்டுப் பார்த்துச் சொல்லுகின்ற ஊராக அம்மையார்குப்பம் ஆகியிருக்கும். அது ஒரு மெடலைவிடப் பெரிய காரியமென்றே நாம் கருதுகின்றோம்.