அது அந்திமந்தாரை இல்லை, ஐயா!

சென்ற மாதம் ஒரு மாலை, தோட்டத்தில் என் மனைவி குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"அந்திமந்தாரை விதைங்க. கால்ல இருக்கிற கரப்பானுக்கு நல்லதாம். பொடி பண்ணித் தேன்ல குழைச்சுச் சாப்பிடணுமாம்."

மிளகு போலக் கறுத்த விதைகள், ஒரு கிண்ணம் நிறைய. யார் சொன்னது என்றேன். கைபேசியை நீட்டினாள். வெளிநாட்டுக்காரன் 'ஈவினிங் ப்ரிம்ரோஸ்' என்று மாத்திரையில் அடைத்து விற்பது நம் வீட்டு அந்திமந்தாரையைத்தானாம். விஷயம் தெரியாமல் நாம் காசைக் கொட்டுகிறோமாம். கீழே கும்பிடும் கைகள் வரிசையாக. அத்தனை பேரும் என் வயதுக்காரர்கள், படித்தவர்கள்.

கிண்ணத்தை வாங்கிக் குப்பையில் கொட்டினேன். அன்று இரவு வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். தாவரப் பாடம் எடுத்த முசியே, ஒவ்வொரு செடிக்கும் படம் வரைந்து பெயர் எழுதச் சொல்வார். அந்திமந்தாரைக்குப் பிரெஞ்சில் 'பெல் த நுய்', அதாவது இரவின் அழகி. ஈவினிங் ப்ரிம்ரோசுக்கு 'ஒனாக்ர்'. அந்தச் சொல்லுக்குக் காட்டுக்கழுதை என்றும் பொருள் உண்டு என்பதால் வகுப்பே சிரித்தது. அதனாலேயே மறக்கவில்லை. இரண்டும் அந்தியில் பூப்பவை. ஒற்றுமை அவ்வளவுதான்.

ஒனாக்ர் வட அமெரிக்கச் செடி. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. முதல் வருடம் தரையோடு இலை விரிக்கும். இரண்டாம் வருடம் தண்டு விட்டு, நாலு இதழ் மஞ்சள் பூ பூத்து, விதைத்து, செத்துப்போகும். பூவைத் தேடி அந்துப்பூச்சி வரும். விதை கடுகைவிடப் பொடி. அதன் வேரைத் தோட்டக்காரர்கள் வேகவைத்துத் தின்றதால், பிரெஞ்சில் 'தோட்டக்காரன் பன்றித்தொடை' என்றும் ஒரு பெயர் உண்டு. ஒஜிப்வே பழங்குடியினர் செடியை ஊறவைத்துக் கன்றிப்போன இடத்தில் பற்றுப் போட்டார்கள். அது ப்ரிம்ரோஸ் குடும்பமும் இல்லை, ரோஜாவும் இல்லை. ஆங்கிலேயனே தப்பாக வைத்த பெயரை நாம் இன்னொரு முறை தப்பாக மொழிபெயர்க்கிறோம்.

அந்திமந்தாரை வேறு குடும்பம். கிழங்கு விட்டு வருடக்கணக்கில் இருக்கும். பூ குழல் போல இருக்கும். 'நம்ம' செடி என்று மார்தட்டுகிறார்களே, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். என் பாட்டி அதன் இலையை வதக்கிக் கட்டிக்கு வைத்துக் கட்டுவார். விதையைத் தின்னக் கொடுத்ததில்லை. விதையும் வேரும் விஷத்தன்மை உள்ளவை. வாந்தி, பேதி என்று படுத்திவிடும். எழுபது வயது உடம்பு அதைத் தாங்குமா?

"பேர்ல என்ன சார் இருக்கு, எல்லாம் மூலிகைதானே" என்றார் ஒரு நண்பர். முப்பது வருடத்துக்கும் மேல் அரசு அலுவலகத்தில் பெயர் சரிபார்த்தவன் நான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து, தகப்பன் பெயரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், ஒருவர் பென்ஷன் இன்னொருவர் கணக்குக்குப் போய்விடும். காகிதத்தில் நடந்த தப்பைத் திருத்தலாம். வயிற்றுக்குள் போனதை எப்படித் திருத்துவது?

சரி, அசல் எண்ணெயை வாங்கினால் கரப்பான் போய்விடுமா? அதையும் சொல்கிறேன். அந்த விதை எண்ணெயில் காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு உண்டு. அதை நம்பித்தான் இத்தனை வியாபாரம். பிரிட்டனில் கரப்பானுக்கும் மார்பு வலிக்கும் மருந்தாகவே உரிமம் கொடுத்திருந்தார்கள். பலன் இருப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2002-ல் அந்த உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2013-ல் காக்ரேன் அமைப்பு இந்த எண்ணெயையும் போரேஜ் எண்ணெயையும் பற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வாய்வழி சாப்பிட்டதில், வெற்று மாத்திரையைவிடக் கரப்பானுக்கு அதிகப் பலன் தெரியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நம்மில் பலர் அப்படித்தான், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

ஆக, பெயரும் தப்பு, சொன்ன பலனும் நிலைக்கவில்லை. இரண்டு தப்பையும் சேர்த்துத் தேனில் குழைத்துத் தரச் சொல்கிறார்கள்.

தமிழ்ப் பெயர் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரைப் பிடுங்கி இன்னொருவருக்குச் சூட்டாதீர்கள். அன்னாசியை அன்னாசி என்றுதானே சொல்கிறோம்? ப்ரிம்ரோசும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். சொந்தம் தேடித்தான் ஆகவேண்டும் என்றால், ஒனாக்ர் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று நம் வயல் வரப்பிலேயே நிற்கிறது. நீர்க்கிராம்பு. அதே நாலு இதழ், அதே மஞ்சள். அதற்காக அதைப் பறித்துத் தின்னக் கிளம்பிவிடாதீர்கள்!

மறுநாள் மனைவியைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். களிம்பு கொடுத்திருக்கிறார். அரிப்பு குறைந்திருக்கிறது. தோட்டத்தில் அந்திமந்தாரை வழக்கம்போல மாலை நாலு மணிக்குப் பூக்கிறது. இந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால், அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். கும்பிடு மட்டும் போடாதீர்கள்.